பிழையும் பொறுப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் குருமண்வெளித் துறையிலே இயந்திரப்பாதைக்காகக் காத்து நின்றபோது ஒரு முதியவர் என்னிடம் ஒரு கடதாசியை நீட்டினார். வாவிக்கு அப்பால் தெரிந்த மண்டூர் அவரது ஊர். படுவான்கரையில் வேளாண்மை செய்து பிழைப்பவர். நகர வைத்தியசாலை ஒன்றில் அவருக்குக் 'கமரா விட்டு'ப் பார்த்திருந்தார்கள். கடதாசி முழுதும் ஆங்கிலம்.

"இதில என்ன எழுதியிருக்கெண்டு பாருங்க மனே" என்றார்.

இரப்பையில் ஒரு பொலிப். அதிலிருந்து எடுத்த சதைத்துண்டைச் சோதித்ததில் அது அடினோமா வகை. கலங்களின் ஒழுங்கு கடுமையாகக் குலைந்திருக்கிறது. விரைவில் அகற்ற வேண்டும். இவ்வளவுதான் அதில் இருந்தது. "சின்னக் கட்டி ஒண்டு பெரியப்பா, எடுத்துப்போட்டால் சரி, பயப்பட ஒண்டுமில்லை" என்று நான் சொன்னேன். ஆறுதல் கூறிவிட்ட திருப்தி எனக்கு. அவர் வாவியைப் பார்த்தபடி இரண்டு வாக்கியங்கள் பேசினார். "நான் ஆருக்கு என்ன பாவம் செஞ்சன்? எல்லாம் தலையெழுத்து மனே, அதை ஆரால மாத்த ஏலும்?"

அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பது பின்னரே எனக்குப் பட்டது. பாவம் என்றால் செய்தவன் பொறுப்பாளி. தலையெழுத்து என்றால் எவரும் பொறுப்பாளியல்லர். நோயுற்ற மனிதன் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் நம்புகிறான். தன்னைக் குற்றவாளியாகவும் கைதியாகவும் ஒருங்கே காண்கிறான். இந்த இரட்டைச் சிறையிலிருந்து அவனை மீட்க அறிவியல் எதையேனும் வைத்திருக்கிறதா? அல்லது பழைய விதியின் இடத்தில் புதியதொரு விதியை நிறுத்திவிட்டுப் போகிறதா? இக்கட்டுரை எழுப்பும் வினா அதுவே.

*

இரப்பையின் உட்சுவரில் மொட்டுப்போல் எழும் சிறு சதைவளர்ச்சியைப் பொலிப் என்பர். பெரும்பாலானவை தீங்கற்றவை, வேறெதையோ தேடிக் குழாயை விடும்போது தற்செயலாகக் கண்ணிற் படுபவை. அவற்றுட் சில, இரப்பையின் மேற்பகுதிச் சுரப்பிகள் பருத்து உண்டாவன. இவை புற்றாவது மிக அரிது. சில, நெடுநாள் அழற்சியால் புண்ணுற்ற சுவர் ஆறி ஆறித் தடித்து எழுவன; இவற்றுள்ளும் சிலவே திசைமாறுகின்றன. மூன்றாவது வகை அடினோமா. கலங்கள் தம் ஒழுங்கை இழக்கத் தொடங்கிவிட்ட வளர்ச்சி அது. வைத்தியர்கள் அஞ்சுவதும் வெட்டி அகற்றுவதும் இதனையே.

ஆகவே பொலிப் என்ற சொல்லைக் கேட்டதும் புற்று என்று நடுங்குவதற்கு இடமில்லை. ஒரு மொட்டு புற்றாவது உண்மை. மொட்டு யாவும் புற்றாகும் என்பது பொய். அப்படியாயின் ஒன்று நிற்க, மற்றொன்று நடப்பது எதனால்?

அளவு மாற்றம் ஓர் எல்லையைத் தாண்டும்போது குணமாற்றமாகிறது என்பது நம் வாசகர்கள் நன்கறிந்த கருத்து. நீர் கொதித்து ஆவியாகும் உதாரணத்தைக் கேட்டுக் கேட்டுப் பலருக்குச் சலித்தும் இருக்கும். இரப்பையின் மொட்டு அக்கருத்துக்கு மற்றுமோர் உதாரணம் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். ஆனால், அடுப்பில் வைத்த நீர் எல்லாமே கொதிக்கும். மொட்டுகளோ எல்லாம் புற்றாவதில்லை. சூத்திரத்தைச் சொல்வதால் மட்டும் நோய் விளங்கிவிடாது. உள்ளே நடப்பதைப் பார்த்தாக வேண்டும்.

*

நம் உடலின் கலம் ஒவ்வொன்றும் பிரியும்போது, சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு சுவடியைப் பிரதிசெய்கிறது. டி.என்.ஏ. என்னும் சுவடி அது. இரப்பையின் மேற்றோலோ சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. எனவே அங்கே ஏடெழுதுவோருக்கு ஓய்வே இல்லை. ஏடெழுதிய பழைய காலத்தைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. கை சலித்தவிடத்து எழுத்து விழும். ஒரே அசை திரும்பத் திரும்ப வருமிடத்தில் ஒன்று கூடும் அல்லது குறையும். டி.என்.ஏ.யிலும் அதுவே நிகழ்கிறது. ஓரிரண்டு எழுத்துகள் மீண்டும் மீண்டும் அடுக்கிவரும் சிறு துண்டுகளிலேயே பிரதிசெய்யும் நொதியம் அதிகம் வழுக்குகிறது.

ஏடெழுதியவனுக்குப் பின்னால் ஏடு ஒப்புநோக்குபவன் இருந்தான். கலத்திலும் அப்படியொரு தொழிற்பாடு உண்டு. புதிதாக எழுதிய இழையைப் பழையதனோடு பொருத்திப் பார்த்து, பொருந்தாத எழுத்தை வெட்டி நீக்கி, சரியானதைச் சேர்ப்பதே அதன் வேலை. இவ்வொப்புநோக்கு மட்டுமே பிழைகளை நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை குறைக்கிறது. இதன் வேதியியலை வெளிப்படுத்திய போல் மொட்றிச், டி.என்.ஏ. திருத்தத்தின் வேறு வழிகளை ஆராய்ந்த தோமஸ் லிண்டால், அசீஸ் சஞ்சார் ஆகியோருடன் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த ஒப்புநோக்குபவனே மடிந்தால் என்னாகும்? அன்றுவரை ஒன்றிரண்டாக இருந்த பிழைகள் அதன்பின் ஆயிரக்கணக்கிற் குவியும். அடுக்குத் துண்டுகள் கலத்துக்குக் கலம் நீண்டும் குறுகியும் வேறுபடும். இதுவே பரம்பரை அமைப்பின் நிலையின்மை. இதற்கு இன்னொரு முகமும் உண்டு. எழுத்துப் பிழையாயிராமல் ஏடுகளே கிழிந்தும் இரட்டித்தும் காணாமற் போயும், நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையே குலைந்து போவது அது. கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்த தியோடர் போவேரி என்ற ஜேர்மானிய உயிரியலாளர், நிறமூர்த்தங்களின் இந்தக் குலைவே புற்றின் தோற்றுவாய் என்று 1914இல் எழுதினார். அன்று அதை நிறுவுவதற்குக் கருவிகள் இல்லை. நூறாண்டுகளின் பின், 2014இல், 295 இரப்பைப் புற்றுகளை எழுத்தெழுத்தாகப் படித்த ஓர் அமெரிக்க ஆய்வுத் திட்டம் அவற்றுட் பாதியில் நிறமூர்த்தக் குலைவையும், 22 வீதத்தில் ஒப்புநோக்கின் அழிவையும் கண்டது.

நமக்கு முக்கியமானது ஒன்று. இந்த நிலையின்மை புற்று முதிர்ந்தபின் தோன்றும் அலங்கோலம் மட்டுமன்று. இன்னும் புற்றாகாத அடினோமாக்களிலேயே சிலவற்றில் இது காணப்படுகிறது. நடக்கும் மொட்டுக்கும் நிற்கும் மொட்டுக்கும் உள்ள வேறுபாட்டின் ஒரு பகுதி இங்கேயே இருக்கிறது.

*

இப்போது பழைய வினாவுக்குத் திரும்புவோம். எழுத்துப் பிழை தற்செயலானது. யாரும் திட்டமிட்டு இழைப்பதன்று. அப்படியானால் புற்றுநோய் வெறும் துரதிர்ஷ்டந்தானே?

2015இல் கிறிஸ்தியன் தொமசெற்றி, பேட் வோகல்ஸ்ரைன் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். உடலின் ஓர் உறுப்பிலும் மற்றோர் உறுப்பிலும் புற்று வரும் சாத்தியம் வேறுபடுவதன் மூன்றில் இரு பங்கை, அவ்வுறுப்புகளின் மூலக்கலங்கள் எத்தனைமுறை பிரிகின்றன என்பதைக்கொண்டே விளக்கலாம் என்பது அதன் முடிவு. செய்தித்தாள்களோ, மூன்றில் இரு பங்கு புற்றுநோய் துரதிர்ஷ்டத்தால் வருகிறது என்று முழங்கின. ஓர் உறுப்புக்கும் மற்றோர் உறுப்புக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றிய கூற்று, ஒரு மனிதனின் தலைவிதியைப் பற்றிய தீர்ப்பாகத் திரிந்தது. தலையெழுத்து, ஆய்வுகூட அங்கியை அணிந்துகொண்டு மீண்டும் வந்தது.

இரப்பையின் கதையைச் சற்று நிதானித்துப் படித்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. 1975இல் பெலாயோ கொறேயா என்ற கொலம்பிய நாட்டு அறிஞர் இரப்பைப் புற்றுக்குப் படிக்கட்டு ஒன்று உண்டெனக் காட்டினார். நாட்பட்ட அழற்சி, சுரப்பிகளின் தேய்வு, இரப்பைச் சுவர் குடற்சுவரின் தன்மையை மேற்கொள்ளல், கல ஒழுங்கின் குலைவு, பின் புற்று என்பது அவர் வரிசை. முதற்படியான அழற்சிக்குப் பெருங்காரணம் ஒரு பற்றீரியா என்பதை 1982இல் பரி மார்ஷல், றொபின் வாரன் என்ற அவுஸ்திரேலியர் இருவர் கண்டனர். அமிலக் குழியில் எந்தக் கிருமி வாழும் என்று கேட்டோருக்கு, 1984இல் மார்ஷல் அந்த ஹெலிக்கோபக்டர் பைலோரியைத் தாமே குடித்து, இரப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அக்கிருமியைப் புற்றாக்கிகளின் முதல் வரிசையிற் சேர்த்தது.

ஆண்டாண்டாக எரியும் அழற்சி கலத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அழற்சியிற் பிறக்கும் ஒட்சியேற்றப் பொருள்கள் டி.என்.ஏ.யைப் புண்படுத்துகின்றன, பிழைகள் கூடுகின்றன. அதேவேளை, ஒப்புநோக்கும் புரதத்தை ஆக்கும் எம்.எல்.எச்.1 போன்ற பரம்பரையலகுகளின் வாயில் மூடப்படவும் அழற்சி வழிசெய்கிறது. எழுத்து அழியவில்லை, ஆனால் அதைப் படிக்க முடியாதபடி வேதியியற் பூட்டு விழுகிறது. பிழை பெருகும் அதே இடத்தில் திருத்துபவனின் கையும் கட்டப்படுகிறது.

இந்த இடத்திலேதான் எனக்கு விளக்கம் கிடைத்ததென்பேன். ஒவ்வொரு பிழையும் தற்செயல்; அதில் ஐயமில்லை. ஆனால் பிழைகள் பெருகும் வேகம் தற்செயலானதன்று. அதற்குக் காரணங்கள் உண்டு. அக்காரணங்களிற் பல கலத்துக்கு வெளியே, வீட்டிலும் கிணற்றிலும் உணவுத் தட்டிலும் உள்ளன. எந்த எழுத்து விழும் என்பதை யாரும் சொல்ல முடியாது. எத்தனை எழுத்து விழும், விழுந்ததைத் திருத்த ஆள் இருப்பானா என்பவை மனிதர் தலையிடக்கூடிய வினாக்கள்.

*

பரம்பரையாகவே திருத்துபவன் இல்லாமற் பிறந்தவர்கள்கூட இதற்கு விலக்கல்லர். 1895இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் தையல் வேலை செய்த ஒரு பெண், அல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம், தன் குடும்பத்தார் பலர் இரப்பையிலும் குடலிலும் கருப்பையிலும் புற்று வந்து இறந்தனர், தானும் அப்படியே இறப்பேன் என்றாள். வார்தின் அவ்வார்த்தையை அலட்சியம் செய்யவில்லை. குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913இல் வெளியிட்டார். அப்பெண் அஞ்சியபடியே கருப்பைப் புற்றால் இறந்தாள். பல தலைமுறைகளின் பின் அக்குடும்பத்தில் எம்.எஸ்.எச்.2 என்ற ஒப்புநோக்குப் பரம்பரையலகில் விகாரம் இருப்பது கண்டறியப்பட்டது.

இதைவிட உறுதியான தலையெழுத்து வேறுண்டா? ஆனால் அதே குடும்பத்தின் பதிவேடு இன்னொன்றையும் சொல்கிறது. முந்திய தலைமுறைகளில் மிகுந்திருந்த இரப்பைப் புற்று பிந்திய தலைமுறைகளிற் குறைந்தது. பெருங்குடற் புற்று மிகுந்தது. விகாரம் மாறவில்லை. மாறியவை உணவும் வாழ்க்கையும் என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். கல்லில் வெட்டியதாக நாம் நினைத்த எழுத்தும் சூழலைப் பார்த்தே தன் பொருளைச் சொல்கிறது. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தது முரண்பாடென்று வகுப்பறையில் மாணவர் கேட்பதுண்டு. இக்குடும்பத்தின் கதையை அவர்களுக்குச் சொல்லலாம்.

தலைவிதி என்பது பிழை; அதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. "உப்புக் கருவாடு தின்றாய், வெற்றிலை போட்டாய், அனுபவி" என்று நோயாளியின்மேல் பழிபோடுவது அது. உப்பும் புகைத்த உணவும் புகையிலையும் இரப்பைக்குத் தீங்கானவை என்பது உண்மைதான். எனினும் பைலோரிக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுவது. நெருக்கமான வீட்டிலும் தூய்மையற்ற நீரிலும் பரவுவது. ஐந்து வயதுக் குழந்தை எந்தப் பாவத்தைச் செய்தது? குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் மீனுக்கு உப்பிடுவது ஒழுக்கக் கேடா? 1930களில் அமெரிக்காவில் புற்றுச் சாவுகளின் முன்வரிசையில் இரப்பைப் புற்று நின்றது. பின்னர் எந்தப் போதனையுமின்றி, எந்தத் திட்டமுமின்றி அது சரிந்துகொண்டே போயிற்று. குளிர்ப்பெட்டியும் நல்ல நீரும் விசாலமான வீடும் வந்தன என்பதே அதன் முக்கிய விளக்கம்.

அப்படியானால் வறுமைதான் காரணம் என்று முழக்கமிட்டு முடித்துவிடலாமா? நம்மவர் செய்யும் தவறு இது. பைலோரித் தொற்று மிகுந்த இந்தியாவில் இரப்பைப் புற்று ஒப்பளவிற் குறைவு. ஆனால் மிசோரத்தில் மிக அதிகம். அங்கே புகைத்த இறைச்சியும் புகையிலைப் புகை ஏற்றிய நீரைப் பயன்படுத்தும் வழக்கமும் ஐயத்துக்கு உள்ளாகியிருக்கின்றன. இலங்கையில் இரப்பைப் புற்று குறைவே. இங்கே ஆண்களிடையே முன்னிற்பது வாய்ப்புற்று. வறுமை எங்கும் ஒரே நோயை ஒரே அளவில் விளைவிப்பதில்லை. உண்மை நம் சார்பாக இருக்க வேண்டுமாயின் முதலில் நாம் உண்மையின் சார்பாக நிற்கவேண்டும்.

*

பொறுப்பு என்பது இனி எங்கே இருக்கிறது? பிழையைத் திருத்தக்கூடிய காலத்தில் திருத்தும் வசதி கிட்டுகிறதா என்ற கேள்வியில் இருக்கிறது.

சீனாவின் ஷாண்டோங் மாகாணத்து லின்சூ கவுண்டியில் 1995இல் பைலோரித் தொற்றுள்ள கிராம மக்களுக்கு இரண்டே கிழமை மருந்து கொடுத்தனர். ஒப்பிடுவதற்காக வேறு சிலருக்கு வெறும் மாத்திரை. 22 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், மருந்துண்டவரிடையே இரப்பைப் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டு கிழமை மாத்திரைகள், இரு பத்தாண்டுகள் கடந்தும் காத்தன. ஃபூஜியன் மாகாணத்தில் நடந்த மற்றோர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. கொறேயாவின் படிக்கட்டில் ஏறாதவர்களுக்கே கிருமி நீக்கம் தெளிவான பயன் தந்ததென அது காட்டியது. பிந்திய படியிலும் பயன் உண்டென்பதை லின்சூ உணர்த்துகிறது. ஆயினும் முந்துவதற்கு ஈடில்லை. கதவு சட்டென்று மூடுவதில்லை; ஒவ்வொரு நாளும் சற்றுச் சற்றாகச் சாத்தப்படுகிறது.

கொரியக் குடியரசில் 40 வயதைக் கடந்தோருக்கு இரண்டாண்டுக்கொருமுறை இரப்பைச் சோதனை நடக்கிறது. நோய் மிகுந்த நாட்டுக்கு அது தகும். நோய் குறைந்த நம் நாட்டில் எல்லோருக்கும் குழாய் விடவேண்டும் என்று கேட்பது அறிவாகாது. ஆனால் காரணமின்றி மெலிபவருக்கும், கறுப்பாக மலம் போகிறவருக்கும், ஓயாது வாந்தியெடுப்பவருக்கும் 'காஸ்ரிக்' என்று மாத்திரையைக் கொடுத்து மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது என்று கேட்பது நியாயம். நம்மிடம் முன்னிற்கும் வாய்ப்புற்றுக்கோ குழாயும் தேவையில்லை; ஒரு கைவிளக்குப் போதும். கிராம மட்டச் சுகாதார ஊழியரே வாயைப் பார்த்து முன்னறிகுறியைக் கண்டறிய முடியும் என்பதை இலங்கையிலேயே நடந்து 1984இல் வெளியான ஓர் ஆய்வு உலகுக்குக் காட்டியது.

நோய்கள் யாவும் கலத்திலிருந்து தொடங்குகின்றன என்று 1858இல் நிறுவிய ருடோல்ஃப் வேர்ஷோவே, அதற்குப் பத்தாண்டுகள் முன் மேல் சிலேசியாவின் காய்ச்சலை ஆராயச் சென்று, மருந்தாக மக்களாட்சியையும் கல்வியையும் எழுதித் தந்தவர். கலத்தை உற்றுப் பார்த்த கண்ணே சமுதாயத்தையும் பார்த்தது. அவருக்கு அவை இரண்டு வேலைகளல்ல. இன்று ஒப்புநோக்கு அழிந்த புற்றுகளின் பலவீனமே அந்த நிலையின்மை என்று கண்டு, உடலின் காப்புப் படையை அவற்றின்மீது ஏவும் மருந்தும் வந்துவிட்டது. எந்த உறுப்பிலிருந்தாலும் அத்தகைய புற்றுக்கு வழங்கலாமென அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது. மனித அறிவின் பெருவெற்றி அது. அதன் விலையோ மண்டூர் வயலின் பல போக விளைச்சலை விற்றாலும் கட்டாது. 2022இல் சாதாரண மருந்துகளுக்கே நம் வைத்தியசாலைகள் தவித்ததை நாம் மறக்கவில்லை. திருத்தும் அறிவு உலகில் இருந்தும் திருத்தப்படாமற் போகும் உயிருக்குத் துரதிர்ஷ்டம் என்று பெயரிடலாமா?

*

அந்த முதியவர் உடனே போகவில்லை. வேளாண்மை வெட்டு முடியட்டும் என்றார். வெட்டு முடியாமற் கடன் அடையாது. பின்பு சிறுபோகம் வந்தது. பின்பு மகளின் கலியாணம். மண்டூர்க் கந்தன் கோயில் திருவிழாவில் நேர்த்தியும் நிறைவேற்றினார். ஒன்றரை ஆண்டு கழித்து அவர் போனபோது அகற்றும் கட்டம் கடந்திருந்தது. அடுத்த திருவிழாவை அவர் காணவில்லை.

முன்னரே போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சாதிக்கமாட்டேன். ஒரு தனிமனிதனின் கதையில் அவ்வளவு உறுதி யாருக்கும் இல்லை. ஆனால் நான் செய்ததை நான் அறிவேன். துறையில் நின்று அவர் கடதாசியைப் படித்தவன் நான். அது தமிழில் இருந்திருந்தால் அவர் என்னிடம் கேட்டிருக்கமாட்டார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களிலேயே அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கப் பாடுபட்டார். அத்தனை காலத்துக்குப் பின்னும் ஒரு கமக்காரனின் வயிற்றைப் பற்றிய செய்தி அவனுக்கு விளங்காத மொழியில் அவன் மடியிலேயே கிடந்தது. படிக்கத் தெரிந்த நானோ, 'பயப்பட ஒன்றுமில்லை' என்ற நான்கு சொற்பிசிர்களில் அதை மூடிவிட்டேன். 'இது வினையன்று, பாவமன்று. இன்று திருத்தக்கூடிய பிழை. நாளை திருத்த முடியாமற் போகலாம். வெட்டுக்கு ஆள் பிடிக்க நாங்கள் உதவுகிறோம், நீங்கள் போய்வாருங்கள்' என்று சொல்ல அந்தப் பாதைப் பயணத்தின் நேரமே போதுமாயிருந்தது.

மண்டூர்க் கோயிலிலே பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்வார். அந்த மௌனம் பக்தி. விளங்கியவன் விளங்காதவன் முன்னே காக்கும் மௌனத்துக்கு அப்படிப்பட்ட நியாயம் எதுவுமில்லை.

பிழை நேர்வது உயிரின் இயல்பு. பிரதிசெய்யும் எதுவும் பிழைக்கும். அதற்காக எவரும் நாணவேண்டியதில்லை. கலம் தன் பிழையைத் திருத்தத் தவறும்போது அதற்குக் குற்ற உணர்வு இல்லை, இருக்கவும் முடியாது. மனிதர் கலங்களல்லர். பிழை எங்கே பெருகுகிறது என்று நமக்குத் தெரியும். எப்போது திருத்தலாம் என்றும் தெரியும். தெரிந்த கணத்திலிருந்து அது ஊழின் கணக்கில் இல்லை, நம் கணக்கில் இருக்கிறது.